அறுபதில் நிற்கும் முள்

ஜனவரி 6

அன்புள்ள ஸ்பானருக்கு,

அக்கா எழுதுவது. எனக்கு உடம்பு திடமாக இருக்கிறது. இடது முழங்கால் மட்டும் கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் தன் வயதைச் சொல்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? பஸ் டிப்போ கேன்டீனை நம்பி வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. போனில் பேசலாம்தான். பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்து விஷயம் பாதியில் நிற்கும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் நம் பீரோவைப் பற்றியது. "பீரோவைப் படுக்கப் போட்டு நாலு சக்கரம் மாட்டி ஜீப்புன்னு வித்திருக்கான்" என்று நீ சொன்னாலும் சொன்னாய், இப்போது மருத்துவமனையில் டாக்டர்கூட எங்கள் ஜீப்பைப் பீரோ என்றுதான் சொல்கிறார். இரண்டு வருடம் முன்பு நீ உன் மெக்கானிக் ஷெட்டை மூடிவிட்டு வெளியூர் போனதிலிருந்து அதன் மேல் சரியான கை படவில்லை.

மாதம் ஒருமுறை அதில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு உப்பளக் குடியிருப்புக்குப் போய்வருவேன். நர்ஸும் நானே, டிரைவரும் நானே. போக 340 கிலோமீட்டர், வர 340. நடுவில் இருந்த ஒரே பெட்ரோல் பங்க்கைச் சென்ற மாதம் இழுத்து மூடிவிட்டார்கள். டேங்க் 80 லிட்டர். பீரோ லிட்டருக்கு ஏழுதான் கொடுக்கிறது, 560இல் நின்றுவிடும். நோயாளி ஏறும் வண்டியில் டீசல் கேன் கூடாது என்பது விதி. உப்பளத்தில் டிரம்மில் கிடைக்கும் டீசலில் பாதி தண்ணீர். ஒருமுறை ஊற்றிவிட்டு நான் பட்ட பாடு போதும்.

எங்கள் வண்டிப் பிரிவு அதிகாரி, அதுதான் அந்தக் கணக்குப்புலி, பயணத்தையே நிறுத்திவிட்டார். ஒரு டேங்கில் போய்த் திரும்பி, பத்து லிட்டர் மிச்சமும் காட்டினால் மறுபடி அனுமதிப்பாராம். ஜூனுக்குள் காட்டாவிட்டால் உப்பளத்தைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவார். அங்கே நூற்றுப்பத்துக் குடும்பங்கள். கர்ப்பிணிகள் மட்டும் ஏழு பேர்.

680 கிலோமீட்டரை 70 லிட்டரில் ஓட வேண்டும். லிட்டருக்கு 9.7. எந்த வேகத்தில் போனால் பீரோ குறைவாகக் குடிக்கும்? சொல். நான் இதை விடப்போவதில்லை.

உன் அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நலம், தம்பி வயிறும் நலம். கேன்டீன்காரர்தான் என் பசியைப் பார்த்து இளைத்துக்கொண்டிருக்கிறார். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. ஊருக்கெல்லாம் சொல்வதை நீயும் ஒருநாள் செய்து பார்.

நீ எந்த வேகத்தில் ஓட்டுகிறாய் என்று எழுதவே இல்லை. எழுதாவிட்டாலும் தெரியும், தொண்ணூறு. சின்ன வயதில் நீ சைக்கிள் மிதித்த வேகத்தைப் பார்த்துத் தெரு நாய்களே துரத்துவதை விட்டுவிட்டன. மற்றக் கார்களுக்கு மூக்கு சரிந்திருக்கும், காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். பீரோவுக்கு மூக்கே கிடையாது, நெற்றிதான். வேகம் கூடக்கூடக் காற்று அந்த நெற்றியில் வந்து முட்டுகிறது. உன் டீசலில் பாதி அந்த முட்டலுக்குப் போகிறது.

எந்த வேகம் என்று இங்கே உட்கார்ந்து நான் ஜோசியம் சொல்ல முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். டேங்கை வாய் வரை, குமிழி அடங்கும்வரை நிரப்பு. காற்றில்லாத விடியற்காலையில் நேரான சாலையில் ஐம்பது கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்பு. முள் அசையக் கூடாது. வந்ததும் அளவுக் குவளையால் மறுபடி வாய் வரை ஊற்று. எத்தனை லிட்டர் ஏறுகிறதோ அதுதான் நூறு கிலோமீட்டருக்குப் பீரோ குடித்தது. ஒரு நாளைக்கு ஒரு வேகம். தொண்ணூறிலிருந்து பத்துப் பத்தாக இறங்கி வா.

இவ்வளவு பிடிவாதமும் நூற்றுப்பத்துக் குடும்பத்துக்கா, இல்லை அதில் ஒரு குடும்பத்துக்கா?

தம்பி


பிப்ரவரி 3

ஸ்பானருக்கு,

நலம்தான். நீயும் நலமாக இரு, வாயை மட்டும் கொஞ்சம் மூடிக்கொண்டு.

அங்கே யார் இருக்கிறாள் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அப்பா போன பிறகு நான் ஒற்றை ஆளாக நின்று வளர்த்த பெண், நீ செல்லம் கொடுத்துக் கெடுத்த வாலு. ஒருநாள் நான் டியூட்டி முடிந்து வருவதற்குள் ஒரு சீட்டை எழுதி வைத்துவிட்டு, உப்பளத்து பம்ப் ஆபரேட்டரைக் கட்டிக்கொள்ளப் போய்விட்டாள். "இனி என் கண்ணுல படாதே"ன்னு சொல்லி அனுப்பினேன். இரண்டு வருடமாகப் படவில்லை. மாதாமாதம் நான் போகிறேன். வரிசையில் ஊரே நிற்கும், அவள் நிற்பதில்லை. டிசம்பரில் அந்த ஊர்க் கடைக்காரி சொன்னாள், பம்ப்காரன் பெண்டாட்டி மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள் என்று. ஏழு கர்ப்பிணிகளில் அவள் ஒருத்தி, அவ்வளவுதான். இதைப் பற்றி இனி எழுதாதே.

நீ சொன்னபடி ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் தொண்ணூறு. பாதி வழியில் ஒரு லாரி முந்தியது, எனக்கு ரோஷம் வந்து மிதித்துவிட்டேன். அந்த நாள் சேராது. மறுநாள் ஒழுங்காக ஓட்டினேன், நூறுக்கு 14.3 லிட்டர். எண்பதில் 12.2. பங்க்கில் நான் குவளையும் கையுமாக நிற்பதைப் பார்த்தால் பால் வாங்க வந்தவள் என்றுதான் நினைப்பார்கள்.

கணக்குப்புலியிடம் எண்களைக் காட்டினேன். "அது இருக்கட்டும், நீங்க எங்க சுத்துறீங்கன்னு முதல்ல சொல்லுங்க" என்கிறார். ஒவ்வொரு பயணத்துக்கும் என் மீட்டரில் 730 வருகிறது. சாலையோரக் கல்படி 680தான். மிச்சம் ஐம்பது கிலோமீட்டர் யார் வீட்டுக்குப் போனேன் என்று இரண்டு வருடமாகக் கேள்வி. கல் நட்டவன் தூக்கத்தில் நட்டிருப்பான், நான் என்ன செய்ய?

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல. நீ எழுதாதே என்றதை நான் எழுதவில்லை, பார்த்துக்கொள்.

14.3லிருந்து 12.2 நல்ல இறக்கம். எழுபது, அறுபது, ஐம்பது, நாற்பது எல்லாவற்றையும் ஓட்டு. ஆனால் மெதுவாகப் போகப்போக மிச்சம் என்று எண்ணிவிடாதே. நாற்பதில் டாப் கியரில் பீரோ இருமும். நீ மூன்றாவதுக்கு இறக்குவாய், இன்ஜின் வீணாகச் சுற்றும். நடுவில் எங்கேயோ ஒரு வேகம் இருக்கிறது. அதற்கு மேலே போனாலும் நஷ்டம், கீழே போனாலும் நஷ்டம். அதைப் பிடிப்பதுதான் வேலை.

கூரையில் சும்மா கிடக்கும் கேரியரைக் கழற்று. நெற்றி போதாதென்று கொம்பு வேறா? டயரில் காற்று குறைய விடாதே. இருநூற்றுப் பன்னிரண்டாம் கல் தாண்டிச் சரளை ஆரம்பிக்கும் இடத்தில் வலது ஓரமாகவே போ. இடது பக்கம் கல்லெல்லாம் கத்தி, டயரைக் கிழித்துவிடும்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தாயா?

தம்பி


பிப்ரவரி 28

அன்புள்ள ஸ்பானருக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். கொஞ்சம் தேவலை. உனக்கு ஜலதோஷம் பிடிக்கும் மாதம் இது, தலையைத் துவட்டாமல் திரியாதே.

பிடித்துவிட்டேன். எழுபதில் 10.9. அறுபதில் சரியாகப் பத்து லிட்டர். ஐம்பதில் 10.4. நாற்பதில், நீ சொன்னது போலவே, 11.8. அறுபதை நம்பமுடியாமல் மூன்று விடியற்காலை ஓட்டினேன்; மூன்று நாளும் பத்துக்கு மேலும் கீழும் அரைக் குவளைதான். என்னை முந்திய வண்டிகளில் ஒரு தண்ணீர் லாரி, ஒரு கல்யாணப் பஸ், ஒரு டிராக்டர். டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு முள்ளை அறுபதிலேயே வைத்திருந்தேன்.

680 என்று கணக்குப்புலி தன் வாயாலேயே சொன்னார் இல்லையா, அதையே பிடித்துக்கொண்டேன். நூறுக்குப் பத்து என்றால் 680க்கு 68. பன்னிரண்டு லிட்டர் மிச்சம். அவர் கணக்கிலேயே அவரை மடக்கியாயிற்று. கேரியர் அரசாங்கச் சொத்து, கழற்ற அனுமதி கிடையாது என்றார். அதுவும் தேவையில்லை போ. மார்ச் கடைசியில் அவரையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

ஒரு சந்தேகம். உப்பளச் சாலைக்கு நீ வந்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் கல் உனக்கு எப்படித் தெரியும்?

அக்கா


மார்ச் 11

அக்கா,

நலம். நலம் விசாரிக்க நேரமில்லை, இதை உடனே தபாலில் போட வேண்டும்.

மார்ச்சில் கிளம்பாதே. 680 என்பது கல்லின் கணக்கு. நீ ஓட்டிப் பார்த்த நூறு என்பது வண்டி மீட்டரின் கணக்கு. முழத்தால் அளந்து வாங்கிய துணியைக் கஜத்தால் அளந்து வெட்டுகிறாய். அதிகாரியைக் கணக்கில் மடக்கலாம், டேங்கை மடக்க முடியாது. அதே சாலையில் மீட்டர் நூறு காட்டும்போது எத்தனை கல் தாண்டினாய் என்று எண்ணிப் பார்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

எண்ணினேன். மீட்டர் நூறு என்றபோது தொண்ணூற்று மூன்று கல். பத்து லிட்டரில் உண்மையாக ஓடியது அவ்வளவுதான். 680க்கு 73 லிட்டர் வேண்டும். மிச்சம் ஏழு. கணக்குப்புலிக்கு நான் தோற்றுவிட்டேன்.

மீட்டர் ஏன் பொய் சொல்கிறது என்று பீரோவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பஞ்சர் ஆனபோதெல்லாம் போகிற வழியிலேயே ஒட்டிக்கொண்டதால், பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னியின் உறையை நான் பிரித்ததே இல்லை. நேற்றுப் பிரித்தேன். இறக்கி ஓடுகிற சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஸ்டெப்னி மூன்று விரல்கடை கூடுதல் உயரம். ஸ்டெப்னிதான் பீரோவோடு வந்த அளவு. ஓடுகிற நான்கும் ஒரு அளவு சின்னது. சின்னச் சக்கரம் அதிகம் சுற்றும், மீட்டர் அதிகம் காட்டும். இதை நீ எனக்குப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வது போல ஒருகாலத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்.

டயர் மாற்றியதாகச் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. இரண்டு வருடமாக ஆபீஸ் கோப்பில் நான் ஊர்சுற்றி. ஐம்பது கிலோமீட்டர் திருடி. அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவன் நீ ஒருவன்தானே இருந்தாய்?

போன கடிதத்தில் நான் கேட்டதற்கும் பதில் வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், நீயும் இருப்பாய் என்று நம்புகிறேன். பதினெட்டு நாளாகிறது. கணக்குப்புலி மே இரண்டு என்று நாள் குறித்துவிட்டார். அன்றைக்கு நடக்காவிட்டால் அவ்வளவுதான். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் அன்று நான் கிளம்புவேன்.

அக்கா


ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுதினால் அது பொய். நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இருநூற்றுப் பன்னிரண்டாம் கல்லை எழுதியபோதே மாட்டிக்கொண்டேன்.

வாலு போன நாள் பீரோ கிளட்ச் வேலைக்காக என் ஷெட்டில் இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? கிளட்ச்சுக்கு ஒன்றுமில்லை. அன்று காலை அவள் ஒரு பையோடு ஷெட்டுக்கு வந்து நின்றாள். "மாமா, நீ கொண்டுபோய் விடலைன்னா உப்பு லாரியில ஏறிப் போயிடுவேன்" என்றாள். அவள் உன் பெண், சொன்னால் செய்வாள். லாரியில் போவதைவிட மாமனோடு போகட்டும் என்று நானே ஓட்டிக்கொண்டு போனேன். கல்யாணப் பதிவுப் புத்தகத்தில் சாட்சிக் கையெழுத்தும் என்னுடையதுதான். நீ அவளை மூன்றாம் மாதமே மன்னித்துவிடுவாய், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

போகும்போது சரளைக் கல் இரண்டு டயரைக் கிழித்தது, மூன்றாவது வீங்கிவிட்டது. திரும்பும் வழியில் அந்த நடுப் பங்க்கில் கிடைத்தது சின்ன அளவு மட்டும். நான்கையும் மாற்றினேன்; நான்கும் ஒன்றாக இருந்தால் உன் கண்ணில் படாது என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். உனக்குக் கெட்ட பெயர் வருமென்று அப்போது தோன்றவில்லை. பிறகு தினமும் காலையில் பீரோ சாவி வாங்க வந்து நீ "அவ எப்படிப் போனான்னே தெரியலைடா" என்பாய். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. அதனால்தான் ஷெட்டை மூடினேன். நல்ல வேலை கிடைத்தது என்று சொன்னதும் பொய்.

சரியான அளவில் நான்கு டயர்களை லாரியில் அனுப்பியிருக்கிறேன். மாட்டு, கேரியரையும் கழற்று, லிட்டருக்குப் பத்துக்கு மேல் வரும். என்னைத் திட்டு, ஆனால் டயரை மாட்டு.

தம்பி


ஏப்ரல் 27

அக்கா,

டயர் வந்ததா? அதற்கு மட்டும் பதில் போட்டால் போதும்.

தம்பி


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். வழக்கத்துக்கு எழுதும் வரி அல்ல, உண்மையாகவே எல்லோரும் நலம். மெதுவாகப் படி, கடைசிக்குத் தாவாதே.

டயர்கள் ஏப்ரல் பதினெட்டிலேயே வந்துவிட்டன. மூன்று நாள் அவற்றைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். நாலாம் நாள் மாட்டினேன். கோபம் உன் மேல்தான், டயர் என்ன செய்யும்? கணக்குப்புலியைக் கூப்பிட்டுப் பழைய சக்கரத்தையும் ஸ்டெப்னியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப அந்த அம்பது கிலோமீட்டர் நீங்க எங்கயும் போகலை" என்றார். அதையே மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன். கேரியரைக் கழற்றவும் கையெழுத்துப் போட்டார். மறுபடி ஓட்டினேன், இந்தமுறை கல்லை எண்ணி. அறுபதில் நூறு கல்லுக்கு 9.9.

மே இரண்டு விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினோம். அவர் பக்கத்தில் அளவுக் கோலும் நோட்டுமாக உட்கார்ந்தார், நாற்பதாம் கல்லில் தூங்கிவிட்டார். அந்தச் சாலையில் இரண்டு வருடமாகத் தொண்ணூறில்தான் போயிருக்கிறேன். ஏன் என்று அன்றுதான் புரிந்தது. வேகமாகப் போய், ஊசியைப் போட்டுவிட்டு, அவள் வீட்டுப் பக்கம் கண் போவதற்குள் ஓடிவந்துவிட வேண்டும். அறுபதில் போகும்போது யோசிக்காமல் இருக்க வழியில்லை. போய்ச் சேர ஐந்தே முக்கால் மணி நேரம். யோசித்துக்கொண்டே போனேன்.

நான்கு மாதத்து வரிசை நின்றது. ஒரு மணிக்குத்தான் முடிந்தது. அவள் வரவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு நானே போய் அவள் கதவைத் தட்டினேன். கால் இரண்டும் வீங்கிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தாள்.

"வரிசைக்கு ஏன் வரலை?" என்றேன்.

"கண்ணுல படாதேன்னு நீதானேம்மா சொன்னே."

கையை நீட்டு என்றேன். நூற்றறுபதுக்கு நூற்றுப்பத்து. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா இல்லை. ஊசியைப் போட்டேன், பீரோவின் பின்பக்கம் அவளைப் படுக்கவைத்தேன். அவள் புருஷன் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான். நல்ல பையன்தான், பேச்சு குறைவு. கணக்குப்புலி தன் கோட்டைச் சுருட்டி அவள் காலடியில் வைத்தார். பிறகு என்னிடம், "அந்தப் பத்து லிட்டரை விடுங்கம்மா, வேகமாப் போங்க" என்றார்.

டேங்கில் 46 லிட்டர் இருந்தது. எதிர்க்காற்று கிளம்பியிருந்தது. தொண்ணூறில் போனால் ஊருக்கு இருபது கிலோமீட்டர் முன்னால் நிற்கும். எண்பதை அந்தக் காற்றில் நம்ப முடியாது. நின்றால் நடுவில் ஒரு பங்க் இல்லை, ஒரு வீடு இல்லை. என் கால் மிதி மிதி என்றது. மிதிக்கவில்லை. இவ்வளவு காலம் முள்ளைப் பிடித்து வைக்கப் பழகியது எதற்கு என்று அப்போது தெரிந்தது.

நூறு கல் தாண்டியிருக்கும். பின்னாலிருந்து அவள், "அம்மா, கொஞ்சம் வேகமாப் போயேன்" என்றாள்.

"வேகமாப் போனா பாதி வழியில நிப்போம்டி. இப்படியே போனா வீடு போய்ச் சேரலாம். கல்லை எண்ணிக்கிட்டு வா."

எண்ணினாள். இரண்டு வருடமாக என்னோடு பேசாதவள், ஜன்னல் வழியாகப் பார்த்து ஒவ்வொரு கல்லாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஊர் வரைக்கும் நிறுத்தவில்லை. நானும் ஒவ்வொன்றுக்கும் உம் போட்டேன்.

அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு மறுநாள் காலை டேங்கை நிரப்பினோம். 69 லிட்டரும் அரையும் ஏறியது. மிச்சம் பத்தரை. கணக்குப்புலி இரண்டு தடவை அளந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஜூனிலிருந்து மாதாமாதம் உப்பளம் உண்டு.

ஐந்தாம் தேதி பெண் குழந்தை. கொஞ்சம் முந்திக்கொண்டு வந்துவிட்டாள், அவசரத்தில் என்னைக் கொண்டிருக்கிறாள். இரண்டு கிலோ நூறு. வாலுவுக்கு அழுத்தம் இறங்கிவிட்டது. உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ தாத்தாவாகிவிட்டாய், தலைக்குச் சாயம் அடிப்பதை நிறுத்து.

உன் மேல் கோபம் போகவில்லை. ஆனால் அவள் உப்பு லாரியில் போகாமல் மாமனோடு போனாள் என்று நினைத்தால் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்குகிறது. இதையும் சொல்லிவிடுகிறேன். உன்னை நேரில் வைத்து நான் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது, கடிதத்தில் அடங்காது. ஷெட் சாவி என்னிடம்தான் இருக்கிறது. கிளம்பி வா. அறுபதில் வராதே.

உன் அக்கா